புதுசு வாங்குவதா? பழசைச் சரி செய்வதா?

புழல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

ஒன்று, ஏரி. இன்னொன்று, சிறை!

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள், மணலி தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், மாதவரம் கிடங்குகளில் கணக்கு எழுதுகிறவர்கள். 2011-ம் ஆண்டு புழல், சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

என் வீடும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் கண்டெய்னர் லாரி டிரைவர். கையில் ஒரு விளம்பரத் தாள்.

"அண்ணே! ஒரு யோசனை சொல்லுங்க. வீட்டுல இருக்கிற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்கிடலாம்னு இருக்கேன். விலை 42 ஆயிரம். மாசம் 3,500 கட்டினாப் போதுமாம். ஒரே வருஷம்!" என்றார்.

"இருக்கிற கம்ப்யூட்டருக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன்.

"பொத்தானை அழுத்திட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம். அதுக்கு அப்புறம்தான் திறக்குது. போதாததுக்கு, 'இனிமே எனக்குப் பாதுகாப்பு இல்லை'ன்னு அதுவே எழுதிக் காட்டுது. கடையில கேட்டேன். 'பழசு, தூக்கிப் போடுங்க'ன்னுட்டாங்க" என்றார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண். கல்லூரியில் பி.காம். முதல் ஆண்டு. இளையவன் பத்தாம் வகுப்பு. மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார்.

இந்தக் கேள்வி அவர் வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. இன்று ஊரில் பல வீடுகளில் இதே கேள்விதான்.

புது லேப்டாப் வாங்குவதா? பழைய மேஜைக் கம்ப்யூட்டரைப் புதுப்பிப்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போகும் முன்பு இரண்டு காரியம் செய்யுங்கள். பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறகு, வீட்டில் யாருக்கு, எங்கே, எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் கடன் வாங்காதீர்கள்.

ஏன் என்று கேளுங்கள்.

மூன்று ஆட்கள்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பயப்பட வேண்டாம். ஒரு மண்டிக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள்.

கடையில் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். அவர்தான் 'பிராசசர்'.

அவருக்கு முன்னால் ஒரு மேஜை இருக்கிறது. அதுதான் 'ரேம்'. அப்போதைக்கு வேண்டிய நோட்டுகளை அதில் பரப்பி வைத்துக் கொள்வார்.

பின்னால் ஒரு பீரோ இருக்கிறது. எல்லாக் கணக்கும் அதில்தான் பத்திரமாக இருக்கிறது. அதுதான் 'ஹார்டு டிஸ்க்'.

மேஜை சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நோட்டுக்கும் கணக்குப்பிள்ளை எழுந்து பீரோவுக்குப் போக வேண்டும். பீரோக் கதவோ துருப்பிடித்த கதவு. திறக்கவே நேரம் ஆகிறது!

வெளியே நிற்பவர்கள், "கணக்குப்பிள்ளை கிழவர். அவரை மாற்று" என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளையின் மேல் தவறு இல்லை. மேஜையும் பீரோவும்தான் தவறு!

பக்கத்து வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அது 2019-ல் வாங்கியது. கணக்குப்பிள்ளை நல்ல திடகாத்திரமாகத்தான் இருந்தார். மேஜை மட்டும் 4 ஜி.பி. இன்றைய வேலைக்கு அது போதாது. பீரோவோ பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும். ஒரு முள் அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடும். கிராமபோன் பெட்டி மாதிரி!

இப்போது வருகிற 'எஸ்.எஸ்.டி.'யில் சுற்றுகிற தட்டு கிடையாது. முள் கிடையாது. எல்லாம் மின்சாரச் சில்லுகள். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும்.

பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கும் வேகம், வேறு எதை மாற்றினாலும் கிடைக்காது.

பூட்டு இருந்தது, சாவி போடவில்லை

"அது சரி. பாதுகாப்பு இல்லை என்று எழுதிக் காட்டுகிறதே?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'விண்டோஸ் 10' கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. அதற்குத் தரும் ஆதரவை 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு அந்த நிறுவனம் நிறுத்திக் கொண்டது. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், சாதாரணமாக அடைத்துத் தர மாட்டார்கள். பதிவு செய்து கொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டு சலுகை கொடுத்தார்கள்.

அடுத்தது 'விண்டோஸ் 11'. அதைப் போடலாமே?

போடலாம். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும். 64 ஜி.பி. இடம் வேண்டும். பிராசசர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும். இவற்றோடு 'டி.பி.எம்.' என்ற பாதுகாப்புப் பூட்டும் வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் சோதனை செய்து பார்த்தோம். 'தகுதி இல்லை' என்று வந்தது. டிரைவர் முகம் வாடிவிட்டது.

தெரிந்த மெக்கானிக் பையன் ஒருவனைக் கூப்பிட்டோம். அவன் வந்தான். கம்ப்யூட்டர் திறக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தி, உள் அமைப்புக்குள் போனான். ஒரு வரியை மாற்றினான்.

"அண்ணே! பூட்டு உள்ளேயே இருக்கு. யாரும் 'ஆன்' பண்ணலை. அவ்வளவுதான்" என்றான்.

இதற்காகவா ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவது?

உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி இருக்கலாம். இருக்காமலும் போகலாம். எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் பெரும்பாலும் பட்டியலில் இருக்காது. அதற்கும் ஒரு வழி உண்டு. 'லினக்ஸ்' போடலாம். அது இலவசம். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். கடிதம் எழுத, கணக்குப் போட, பாடம் பார்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் கல்லூரியில் குறிப்பிட்ட ஒரு மென்பொருள் கட்டாயம் என்றால், அது லினக்ஸில் ஓடுமா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஆதரவு நின்று போன விண்டோஸை அப்படியே வைத்துக் கொண்டு அதில் பாங்கிக் கணக்குப் பார்க்காதீர்கள். அது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி!

கணக்குப் பாருங்கள்

எஸ்.எஸ்.டி. ஒன்று. 8 ஜி.பி. ரேம் ஒன்று. மெக்கானிக் கூலி. எல்லாம் சேர்த்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆன செலவு 6,500 ரூபாய்.

சாமான் வாங்க மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு கடையோடு நிற்காதீர்கள். நாலு கடை ஏறி இறங்குங்கள். பில் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரு விஷயம். 2025-ம் ஆண்டு கடைசியில் உலகம் முழுவதும் ரேம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்கள். நினைவகச் சில்லுகளை அவை விழுங்கிவிடுகின்றன. வீட்டுக்காரனுக்கு மிஞ்சுவது குறைந்துவிட்டது. எங்கோ கட்டுகிற கூடத்துக்குப் புழலில் இருப்பவன் விலை கொடுக்கிறான்! ஆகவே போன வருஷ விலையை மனதில் வைத்துக் கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

ரேம் விலை ஏறினால் லேப்டாப் விலையும்தான் ஏறும். அதற்குள்ளேயும் ரேம்தானே இருக்கிறது?

இப்போது 42 ஆயிரத்தையும் ஆறாயிரத்து ஐந்நூறையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் 35,500 ரூபாய்.

"வட்டி இல்லாத் தவணைதானே?" என்றார் டிரைவர்.

வட்டி இல்லாத கடன் என்று உலகத்தில் ஒன்று உண்டா? அப்படி ஒன்று கிடையாது என்பதை 2013-ம் ஆண்டு செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கு எடுத்துச் சொன்னது. வட்டி வேறு பெயரில் வரும். ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி, தவணையில் கிடைக்காமல் போகும். 'கட்டணம்' என்று ஒன்று ஒட்டிக் கொள்ளும். ஒரு மாதம் தவறினால் அபராதம் வரும். லாரிக்கு லோடு கிடைக்காத மாதமும் மாதம்தானே?

மின்சாரம் எவ்வளவு?

"லேப்டாப்புக்கு மின்சாரம் குறைவு" என்பார்கள். உண்மைதான். எவ்வளவு குறைவு என்று பார்ப்போமா?

திரையோடு சேர்த்து மேஜைக் கம்ப்யூட்டருக்கு 100 வாட் என்று வைத்துக் கொள்வோம். தினம் 5 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்.

லேப்டாப்புக்கு 40 வாட் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்.

மிச்சம் 18 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று போட்டாலும் 108 ரூபாய். ஆண்டுக்கு 648 ரூபாய்.

இந்த மிச்சத்தை வைத்து 35 ஆயிரத்தை ஈடு கட்ட ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும்!

அது மட்டும் அல்ல. மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு சாமான் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். விசைப்பலகை போனால் விசைப்பலகை. திரை போனால் திரை. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமை உள்ளே பற்ற வைத்தே கொடுத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

லேப்டாப் பக்கமும் நியாயம் உண்டு

நான் லேப்டாப்புக்கு விரோதி அல்ல. அதன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறானா? லேப்டாப்தான் வாங்க வேண்டும். மேஜையைச் சுமந்து கொண்டா போவான்?

தினமும் வகுப்புக்குக் கொண்டு வரச் சொல்கிறார்களா? அப்போதும் லேப்டாப்தான்.

வேலைக்குப் போகிறவர் இடத்துக்கு இடம் கணக்குக் காட்ட வேண்டுமா? வாதமே வேண்டாம்.

மின்சாரம் நின்றால் லேப்டாப் நிற்காது. மேஜைக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வேண்டும். அதற்கும் சில ஆண்டுக்கு ஒரு தடவை பாட்டரி மாற்ற வேண்டும்.

இன்னொன்று, எங்கள் பகுதிக்காரர்களுக்குச் சொல்லியே தெரிய வேண்டியது இல்லை. மழை!

புழல் ஏரி நிரம்பினால் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூர் பக்கம் கடலுக்குப் போகிறது. 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம் 'மிக்ஜாம்' புயல் மழையில் வடசென்னை பட்ட பாட்டை யார் மறப்பார்கள்? தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் லேப்டாப்பைக் கையில் எடுத்துக் கொண்டு மாடிக்குப் போய்விடலாம். தரையில் வைத்த பெட்டியின் கதி அதோ கதிதான்.

ஆகவே மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மேஜை மேல் வையுங்கள். வெள்ளம் வரும் தெரு என்றால், மழைக்காலத்தில் இன்னும் உயரத்தில் ஒரு பலகை அடித்து வையுங்கள்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கடல் காற்றில் உப்பு வரும். லாரிப் புழுதி வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள். விசிறியில் தூசி அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் வேகம் குறையும். அதற்கும் 'பழசு' என்றுதான் பேர் வைப்பார்கள்!

அரசு கொடுத்த லேப்டாப்

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. எங்கள் புழல் அப்போது திருவள்ளூர் மாவட்டம். அதே மாவட்டத்தில் உள்ள காக்களூரில் ஒரு விழா நடந்தது. அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா, மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி என்று லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. கம்ப்யூட்டரையே தொட்டுப் பார்க்காத வீடுகளில் லேப்டாப் வந்து உட்கார்ந்தது.

அது நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

ஆனால் அந்த லேப்டாப்புகளில் எத்தனையோ இன்று பீரோ மேலே தூங்குகின்றன. பாட்டரி போயிற்று, கீல் உடைந்தது, திரை மங்கிற்று என்று மூடி வைத்துவிட்டார்கள். எடுத்து ஒரு தடவை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்தால், ஓர் எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் போட்டு, தம்பி தங்கை பழக வைத்துக் கொள்ளலாம். பாட்டரி இல்லாவிட்டாலும், பல லேப்டாப்புகள் நேர் மின்சாரத்தில் ஓடும்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் தமிழக பட்ஜெட்டில் இன்னோர் அறிவிப்பு வந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது கைக்கணினி கொடுப்பது என்றும், அதற்கு 2 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்குவது என்றும் சொன்னார்கள். உங்கள் பிள்ளை அரசுக் கல்லூரியில் படித்தால், கடன் வாங்கும் முன்பு கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வரப்போகிற பொருளுக்குக் கடன் வாங்கலாமா?

பக்கத்து வீட்டுப் பெண் படிப்பது தனியார் கல்லூரி. ஆகவே அவளுக்கு அந்த வழி இல்லை.

அந்தப் பெண் கேட்டது

இத்தனை நேரமும் நாங்கள் ஆண்கள்தான் பேசிக் கொண்டு இருந்தோம். யாருக்காகக் கம்ப்யூட்டரோ, அந்தப் பெண் வாசல்படியில் நின்று கொண்டிருந்தாள்.

அவள் அம்மா சொன்னார்: "அண்ணா! லேப்டாப் வாங்கிக் குடுத்தா மூலையில உக்காந்துக்கிட்டு என்ன பார்க்குதுங்களோ, யாருக்குத் தெரியும்? கூடத்துல இருக்கிறதுதான் நல்லது."

எனக்கு அது பிடிக்கவில்லை. போன் எல்லார் கையிலும் இருக்கிறது. சந்தேகத்தைக் காரணமாக வைத்து ஒரு பெண்ணின் படிப்புச் சாமானை முடிவு செய்வது தவறு. அதை அவரிடமே சொன்னேன்.

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லும்மா. உனக்கு எது வேணும்?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"லேப்டாப் இல்லாட்டி பரவாயில்லை பெரியப்பா. ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு வேணும். டி.வி.யை நிறுத்தணும். தம்பி அந்த நேரத்துல விளையாட உக்காரக் கூடாது. அவன் உக்காந்தா யாரும் எழுந்திருன்னு சொல்றது இல்லை."

டிரைவர் தலை குனிந்தார். அவர் பாதி ராத்திரி லாரியில் இருப்பவர். வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியாது.

பார்த்தீர்களா? கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது ஒரு குறை. அதை 6,500 ரூபாய் தீர்த்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பது இன்னொரு குறை. அதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. வீட்டில் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

புது லேப்டாப் வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? இரண்டு நாளில் அதையும் தம்பி எடுத்துக் கொண்டிருப்பான்!

அன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மாலை 5 முதல் 7 வரை தம்பிக்குப் பாடம். 8 முதல் 10 வரை அக்காளுக்கு. அந்த இரண்டு மணி நேரம் டி.வி. கிடையாது. பகலில் அம்மாவுக்கு. தையல் கணக்கை நோட்டில் எழுதிக் கொண்டிருந்தவர், இப்போது மகளிடம் கற்றுக் கொண்டு கம்ப்யூட்டரில் எழுதுகிறார்.

ஒரு கம்ப்யூட்டர். பயன்படுத்துவது மூன்று பேர்! லேப்டாப் ஓர் ஆளுக்குச் சொந்தமாகிவிடும். கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் வீட்டுக்குச் சொந்தம். சின்ன வருமானக் குடும்பத்துக்கு இது பெரிய லாபம்.

ஆனால் வீட்டுக்குப் பொது என்று சொல்லிவிட்டு, பையனுக்கு மட்டும் கொடுத்தால் அது அநியாயம். மணிக்கணக்கு எழுதி வைக்காத பொதுச் சொத்து, பலசாலிக்குத்தான் போகும்.

ஏரியைப் பாருங்கள்

எங்கள் ஊர் ஏரியையே எடுத்துக் கொள்ளுங்கள். அது பழைய ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று 150 ஆண்டுகளுக்கு முன்பு நினைத்தபோது, எடுத்த எடுப்பில் புதிதாக வெட்டப் போகவில்லை. இருந்த ஏரியைப் பலப்படுத்தினார்கள். 1872-ல் இங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் கால்வாய் வழியாகத் தண்ணீர் போயிற்று. இன்றைக்கும் 3,300 மில்லியன் கன அடி தண்ணீரைத் தாங்குகிறது.

ஊர் பெருத்தது. புழல் மட்டும் போதவில்லை. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. 2020-ல் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை வந்தது.

முதலில் இருப்பதைப் பலப்படுத்து. போதவில்லை என்று கணக்குக் காட்டினால் புதியதைக் கட்டு. ஊருக்கு உள்ள இந்த முறைதான் வீட்டுக்கும்.

ஐந்து கேள்விகள்

கடைக்குக் கிளம்பும் முன்பு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. கம்ப்யூட்டர் வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமா? 'ஆம்' என்றால் லேப்டாப்.

2. எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? ஒரே நேரத்தில் இருவருக்கு அவசியம் என்றால் இரண்டாவது கருவி வேண்டும். அப்போதும் பழசைத் தூக்கிப் போடாதீர்கள்.

3. பழைய பெட்டியில் ரேம் எவ்வளவு? டிஸ்க் எந்த வகை? பிராசசர் எந்தத் தலைமுறை? தெரியாவிட்டால், புதிதாக விற்பதில் லாபம் இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

4. புதுப்பிக்க ஆகும் செலவு, புதிய கருவியின் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? தாண்டினால் புதுப்பிக்காதீர்கள். தாய்ப் பலகையையே மாற்ற வேண்டும் என்றால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

5. தவணை கட்ட எந்தச் செலவைக் குறைக்கப் போகிறோம்? இதற்குப் பதில் வராவிட்டால் காத்திருங்கள்.

டிஸ்க் மாற்றும் முன்பு குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இதை மறந்துவிட்டு அழுதவர்கள் அதிகம். பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ஒரு சின்ன உறை வாங்கி மாட்டினால் போதும். அதுவே நகல் வைக்கும் பெட்டி!

பழசைக் கழிப்பதானால் குப்பையில் போடாதீர்கள். கொடுங்கையூர் குப்பை மேட்டின் புகையை மூக்கில் வாங்கியவர்கள் நாம். கம்பியைக் கொளுத்திச் செம்பு எடுத்தால் வருவது விஷப் புகை. மின்னணுக் கழிவை முறையாகக் கழிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. புதுசு வாங்கும் கடையிலேயே கேளுங்கள்.

மீதி பணம்

பக்கத்து வீட்டுக்காரர் லேப்டாப் வாங்கவில்லை. ஆனால் தவணைக்கு என்று நினைத்த 3,500 ரூபாயில், ஆயிரம் ரூபாயை மட்டும் மாதா மாதம் பாங்கியில் மகள் பேரில் தொடர் வைப்பாகப் போட்டு வருகிறார்.

"மூணாம் வருஷம் முடிஞ்சு மேல் படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது லேப்டாப் வேணும்னா, கடன் இல்லாம அதுவே வாங்கிக்கட்டும்" என்றார்.

இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டுப் பக்கம் போனால் டி.வி. சத்தம் கேட்பது இல்லை. விசைப்பலகை தட்டும் சத்தம்தான் கேட்கிறது.

உங்கள் வீட்டிலும் இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, யாருக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள்.

முக்கியமாக, வாசல்படியில் பேசாமல் நிற்கும் பிள்ளையைக் கேளுங்கள்.